காக்கை தொடாத சோறு

காக்கைகளின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அமாவாசைதோறும் எங்கள் வீட்டு மாடியிலும் அவற்றுக்குச் சோறு வைப்பதுண்டு. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேலைகளின் பிழை பார்ப்பது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றபின், மாகறல் பக்கம் செய்யாற்றங்கரைப் பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளரானேன். ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு இருக்கிறது. பங்குனியிலும் சித்திரையிலும் ஆலாக்கள் அங்கே முட்டையிடும். மஞ்சள் அலகும் கருந்தலையும் உடைய மெலிந்த பறவை அது. கூடு கட்டாது, வெறும் மணலில் முட்டையிட்டு, வெயில் படாதபடி அதன்மேல் அமர்ந்திருக்கும்.

திட்டுக்கு எதிரே, கரையில் கருமாதி மண்டபம். கருமாதி நடக்கும் நாளெல்லாம் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். வருகிற காக்கைகள் சோற்றோடு நிறுத்திக்கொள்வதில்லை. சென்ற ஆண்டு ஒரு குஞ்சுகூடத் தப்பவில்லை. இவ்வாண்டு வந்தது ஒரே ஒரு சோடி.

செய்யக்கூடியவற்றை எல்லாம் செய்தேன். கயிற்று வேலி கட்டினேன். கயிற்றை அவிழ்த்து மாடு கட்டினார்கள். எச்சரிக்கைப் பலகை நட்டேன்; அதன்மேல் வேட்டி உலர்த்தினார்கள். முட்டைக்காலம் முடியும்வரை கருமாதியை வேறு துறைக்கு மாற்றக் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன். பொருளாளர் வெங்கடேசன் சிரித்தார். அவர் விவசாயி, கட்சிக்காரரும்கூட.

“இன்னா சார், பங்குனி சித்திரைல எவனும் சாவக் கூடாதுன்னு ஊருக்குத் தண்டோரா போட்டுடலாமா? உங்க குருவிக்கு ஓட்டு இருக்குதா, சொல்லுங்க.”

தீர்மானம் தோற்றது. தேநீர் வாங்கிக் கொடுத்த உறுப்பினருக்கு நன்றி கூறும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மண்டபத்தில் குழி தோண்டுவதும் தண்ணீர் மொண்டு கொடுப்பதும் கலியனின் வேலை. நான் கரையில் நின்று கைதட்டிக் காக்கைகளை விரட்டுவதைப் பார்த்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

“சாரே, அவங்க அப்பாரு பதினாறு நாளா பட்டினி. நீ தொரத்திக்கினே இருந்தா அந்தாளு சோத்துக்கு எங்கதான் போவாரு?”

துக்கத்துக்கு வந்தவர்களும் சிரிப்பார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஐயம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் ஆற்றில் முழுகப் போயிருந்தார்கள். கலியனும் உடன் போயிருந்தார். அப்போது காக்கைக்குப் படைத்திருந்த இலையில், வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பிசைந்து வைத்தது நான்தான். காக்கைக்கு வைத்த சோற்றை வீட்டார் உண்பதில்லை. மீந்தால் அதைக் கலியன் எடுத்துக்கொள்வார் என்பது தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால், காக்கைகள் அதுவரை ஒரு பருக்கையும் மீதி வைத்ததில்லை.

அன்று அவை வந்தன, தலையைச் சாய்த்துப் பார்த்தன, தொடாமல் போய்விட்டன. குடும்பம் கலங்கிப்போயிற்று. மொட்டையடித்திருந்த மகன் மரக்கிளையைப் பார்த்துக் கும்பிட்டான்.

“யப்பா, கோச்சிக்காதபா. அந்த வீட்டத் தங்கச்சிக்கே எழுதிக் குடுத்துடறேன். வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போபா.”

“எல்லாரும் கேட்டுக்கங்க, பெரியவங்கல்லாம் சாட்சி” என்றாள் தங்கை, அழுகையை நிறுத்திவிட்டு.

அதற்கும் காக்கை இறங்கவில்லை. வெயில் ஏறியதும் அவர்கள் மனக்குறையோடு கிளம்பிப் போனார்கள்.

இதற்கு மேல் நடந்ததை நீங்கள் விபத்து என்று எழுதுவதைக் கவனித்தேன். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். தவறான வாசகத்தின்கீழ் நான் கையெழுத்திடுவதில்லை.

நான் திட்டின் ஓரத்தில், நாணலுக்குள் அமர்ந்திருந்தேன். கை நீட்டினால் தொடும் தொலைவில் ஆலா அடைகாத்துக்கொண்டிருந்தது. கலியன் மண்டபத்தில் உட்கார்ந்து இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் உரக்க ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால், அந்த ஒரு சொல்லுக்குப் பறவை எழுந்துவிடும். அது எழுந்தால் உச்சிவெயிலே முட்டைகளை வேகவைத்துவிடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

முதல் கவளத்தை அள்ளும்போது அவர் என்னைக் கண்டுவிட்டார்.

“சாரே! பருப்பு, நெய்யி, வடைலாம் இருக்குது. வாயேன்பா, ஒரு கை புடிக்கலாம்!”

ஆலா கழுத்தை உயர்த்தியது. நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன். பிறகு பறவையைச் சுட்டிக் காட்டினேன். அவர் உடனே இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். புரிந்தது என்று தலையை ஆட்டினார். அதன்பின் சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணோரம் சாய்ந்தார். என் பக்கம் பார்த்தார். வாயைத் திறந்தார், பறவையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கடைசிவரை குரல் கொடுக்கவில்லை. ஆலா எழவே இல்லை.

குழுவிலும் ஊரிலும் எத்தனையோ பேரிடம் மன்றாடிப் பார்த்துவிட்டேன், ஐயா. அந்தப் பறவைக்காக நான் சொன்னதைக் கேட்டு நடந்தவர் கலியன் ஒருவர்தான்.