ஐம்பது உதைகளில் இருபத்தொன்பது

மஞ்சு மூடிய மலைமுகட்டின் கீழே, மாரி ஓயாத இந்த மாலைப்பொழுதிலே, இந்நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய வீரய்யா ஐயா அவர்களே! கூடையை இறக்கிவைத்த கையோடு, கால் கழுவவும் நேரமின்றி வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! டிக்கோயாவிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! பந்து ஏந்திய கரங்களில் இன்று மலர் ஏந்தி நிற்கும் நம் மகளிர் ரக்பி அணியின் வீராங்கனைகளே! எல்லோருக்கும் மேலாக, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் கிருஷாந்தியின் தாயார் நாகலெட்சுமி அம்மா அவர்களே! தலை நிமிர்த்தும் தகுதியின்றி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் பெயர் தரணிதரன். ஹட்டனில் கணிதம் படிப்பிக்கிறவன். ஏழு ஆண்டுகளாக இந்த அணியின் ஆட்டக் குறிப்புகளை எழுதியவன், ஆட்களைத் தெரிவு செய்தவன். கிருஷாந்தி மறைந்து இன்றோடு ஓராண்டு. அவள் புகழ் பாடுவதற்காக என்னை அழைத்திருப்பதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். புகழ் பாட நான் வரவில்லை. அவளுக்கு நான் இழைத்த அநீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ரக்பி தெரியாத தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பந்தைத் தரையில் ஊன்றி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் புள்ளி. கம்பத்துக்கு நேர் எதிரே நின்று உதைப்பது, வாசலில் நின்று வீட்டுக்குள் எறிவது போல. மைதானத்தின் ஓரக் கோட்டில் நின்று, சரிவிலிருந்து சாய்ந்துவரும் காற்றில், மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாத கம்பத்தை நோக்கி உதைப்பது? அது வேறு வேலை. முற்றிலும் வேறு வேலை.

நம்மிடம் உதைப்பவர்கள் இருவர் இருந்தார்கள். ஒருத்தி கிருஷாந்தி, இருபத்து நான்கு வயது, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண். மற்றவள் ஹம்சினி, ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகள். இருவரும் அக்கா தங்கை போலப் பழகியவர்கள்.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பெரிய கம்பனியின் மகளிர் அணிக்கு உதைப்பவர் ஒருவர் வேண்டும். விளையாட்டோடு நிரந்தர வேலை, தங்க அறை. ஒரே ஒரு பெயர் அனுப்பச் சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன்? நோட்டை விரித்தேன். கூட்டினேன். வகுத்தேன். ஹம்சினி முப்பது உதைத்தாள், இருபத்து நான்கு உள்ளே. நூற்றுக்கு எண்பது! கிருஷாந்தி ஐம்பது உதைத்தாள், இருபத்தொன்பது உள்ளே. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு! ஐந்து நிமிடத்தில் ஹம்சினியின் பெயரை எழுதித் தபாலில் சேர்த்தேன்.

மறுநாள் மைதானத்தில் கிருஷாந்தி என்னிடம் வந்தாள். அழவில்லை. கோபப்படவுமில்லை.

"சார், நான் எங்கருந்து அடிச்சேன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"கணக்கு கணக்குதாம்மா" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

என்ன தம்பி, பின்னாலிருந்து? "விடுங்க சார், நடந்தது நடந்துபோச்சு" என்கிறாயா? விடமாட்டேன், தம்பி. விட்டுவிட்டுப் போவதற்காக நான் இந்த மேடை ஏறவில்லை.

நான் அனுப்பிய அந்தக் கடிதம் அவளுக்கு வரவேண்டிய வேலையை மட்டும் பறிக்கவில்லை, பெயரையும் பறித்தது. தேநீர்க் கடையில் பேசினார்கள்: "அந்தப் புள்ளைக்குப் பழகும்போது நல்லா வரும், ஆட்டத்துல கால் நடுங்கும்." லயத்து வீட்டு வரிசையின் குழாயடியில் பேசினார்கள்: "அவ குறி தவறுற புள்ள." மைதானத்துக்கு வருவதையே அவள் நிறுத்திக்கொண்டாள். காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போனாள், மலைக்கு ஏறினாள், கொழுந்து பறித்தாள், லயத்துக்குத் திரும்பினாள்.

கடிதம் போன நான்காம் மாதம். பாறை இடுக்கில் இருந்த குளவிக்கூடு கலைந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் குளவிகள் பாய்ந்தன. அன்று அவளோடு நின்ற அம்மாக்கண்ணு அம்மா இங்கே இருக்கிறார். அவர் என்னிடம் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே சொல்கிறேன்:

"எனக்கு முட்டி புடிச்சுக்கிச்சு சார், ஓட முடியல. அவ கீழ ரோட்டுக்கே போயிட்டா. நா விழுந்து கெடக்குறதப் பாத்துட்டுத் திரும்பி ஏறி வந்தா. வராத புள்ள, ஓடிப்போன்னு கத்துனேன். இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்கக் கழட்டி எம்மேல போத்துனா. மொகத்தத் தூக்காதீங்க அத்தைன்னா. அதுக்கப்புறம் அவ பேசல சார்."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் உயிர் பிரிந்தது.

இதையும் ரக்பியையும் முடிச்சுப்போட்டு அழகாகப் பேச எனக்குத் தெரியும். மேடையில் பழகிய நாக்கு இது. ஆனால் பேசமாட்டேன். அவள் கொழும்பில் இருந்திருக்க வேண்டும். அந்த மலையில் இருந்தாள். அங்கே இருக்க வைத்தவன் நான்.

ஒரு பருவம் முடிந்தபோது ஹம்சினி திரும்பி வந்தாள். ஓரக் கோட்டிலிருந்து உதைக்கச் சொன்னார்களாம், ஒன்றும் உள்ளே போகவில்லையாம். போகச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், முன்னுக்கு இருந்து அடிக்கிறதெல்லாம் எனக்குக் குடுத்தாங்க. தூரமானது, ஓரத்துல உள்ளது எல்லாத்துக்கும் அக்காவைத்தான் கூப்பிட்டாங்க. அக்காவுக்கு மட்டும்தான் அது போகும்னு எல்லாருக்கும் தெரியும். நோட்ட மறுபடி பாருங்க சார். நீங்கதானே எடத்தையும் எழுதுனீங்க!"

ஆம். எழுதியிருந்தேன்! ஒவ்வொரு உதையின் பக்கத்திலும், பென்சிலால், என் சொந்தக் கையெழுத்தில், தூரமும் இடமும் எழுதியிருந்தேன். எழுதிய நானே அதைப் பார்க்கவில்லை.

கேளுங்கள், பெரியோர்களே. கம்பத்துக்கு முன்னாலிருந்து ஹம்சினி இருபத்தேழு உதைத்தாள், இருபத்து நான்கு உள்ளே. கிருஷாந்தி பத்து உதைத்தாள், பத்தும் உள்ளே! ஓரத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் ஹம்சினி மூன்று உதைத்தாள், ஒன்றும் இல்லை. கிருஷாந்தி நாற்பது உதைத்தாள், பத்தொன்பது உள்ளே! பத்தும் மூன்றும் சிறிய எண்கள், அவற்றை வைத்து ஆணையிட்டுச் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கிட்டவும் அவளே மேல், எட்டவும் அவளே மேல். இரண்டிலும் மேலானவள் மொத்தத்தில் எப்படித் தாழ்ந்தாள்? கடினமானதையெல்லாம் அவள் காலடியில் நாம் வைத்தோம். நம்பினோம், அதனால் கொடுத்தோம். கொடுத்தோம், அதனால் அவள் தவறினாள். தவறினாள் என்று சொல்லி அவளைத் தள்ளினோம்!

இதற்கு ஹம்சினியை யாரும் குறை சொல்லாதீர்கள். உண்மையைத் தேடி வந்தவள் அவள். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டே காணாதவன் நான்.

நோட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். நாகலெட்சுமி அம்மா அடுப்படியில் இருந்தார். பக்கம் பக்கமாகக் காட்டினேன். கடைசிவரை கவனித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத அப்பவே பாத்திருக்கலாமே சார்?"

முப்பது ஆண்டு கணிதம் படிப்பித்தவன், நோட்டை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றார். "எம் புள்ளைக்குக் குறி தவறும்னு ஊரே பேசுச்சு. ஊரு முன்னுக்குச் சொல்லுங்க."

அதனால்தான் இந்த மேடை. அதனால்தான் இந்த ஒலிபெருக்கி. லயம் லயமாக, கடை கடையாக, கேட்கட்டும்! கிருஷாந்தியின் கால் நடுங்கவில்லை! நடுங்கியது என் நேர்மை! அவள் குறி தவறவில்லை! தவறியது என் கண்! இந்த மலையில் பந்தை ஊன்றிய பெண்களில் அவளைப் போல நம்பத்தக்க கால் இருந்ததில்லை!

வேண்டாம். கைதட்ட வேண்டாம், தாய்மார்களே. தயவுசெய்து.

இன்றோடு தெரிவுக்குழுவிலிருந்து விலகுகிறேன். குறிப்பு நோட்டைத் தலைவர் ஐயாவின் கையில் கொடுத்துவிட்டேன். எனக்குப் பின் வருகிறவர்களே, மைதானத்தின் படத்தை வரைந்து, உதைத்த இடத்தில் புள்ளி வையுங்கள். காற்றை எழுதுங்கள், மழையை எழுதுங்கள். எழுதியதை எல்லாம் பார்த்த பிறகு ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள்.

நாகலெட்சுமி அம்மா, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு உரிமை இல்லை.

மழையில் நனைந்து வந்து, ஒருவன் தன் குற்றத்தைச் சொல்லி முடிக்கும்வரை எழுந்துபோகாமல் இருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. கைகூப்பி இறங்குகிறேன். வணக்கம்.