காற்றின் மேல் போட்ட பழி

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மின் பொறியாளர் சங்கத் தலைவர் பாலகோபால் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் லட்சுமணசாமியின் துணைவியார், அம்மையார் ரங்கநாயகி அவர்களே, பல்லடத்துக்கு அப்பாலுள்ள சித்தநாயக்கன்புதூரிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் தேவானந்தத்தின் வணக்கம்.

செயற்பொறியாளர் லட்சுமணசாமி நம்மை விட்டுப் போய்ப் பதினோரு நாட்கள் ஆகின்றன. வாசலில் வைத்திருக்கும் மலர்வளையங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் ‘காற்றாலைகளின் தந்தை’ என்று எழுதியிருக்கிறது. அனுப்பியவர் பெயரையும் படித்தேன். லட்சுமணசாமி உயிரோடு இருந்தபோது எழுதிய ஒன்பது கடிதங்களுக்கு ஒரு வரி பதில் போடாதவர் அவர். பூ அனுப்ப முடிந்தவருக்கு ஒரு தபால் அட்டை அனுப்ப முடியாமலா போயிற்று?

அவரைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தீர்கள். புகழாமல் இருக்க முடியுமா? 1988இல், காற்றை அளக்க ஒரு கம்பம் நட வேண்டும் என்று அவர் கேட்டபோது அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னு எல்லாருஞ் சொல்றாங்க. எத்தனை வேகத்துல பறக்கும்னு ஒருத்தரும் எழுதி வெக்கலீங்களே” என்றார்.

எழுதி வைத்தார். விவசாயி பங்காரு, இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாரே, அவருடைய பருத்திக் காட்டின் ஓரத்தில் கம்பத்தை நட்டார். நான்கு வருடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய், கருவி காட்டிய கணக்கைப் பதிவேட்டில் எழுதினார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த மேட்டில் எந்த மாதம் எப்படி வீசும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரியாது.

யாருக்காக அளந்தார்? சித்தநாயக்கன்புதூர்க் குடும்பங்கள் நாற்பத்திரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தன. தங்கள் நிலத்திலேயே இரண்டு காற்றாலை வைத்துக் கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் எடுப்போம், மிஞ்சியதை மின்துறைக்குக் கொடுப்போம் என்று 1992இல் விண்ணப்பித்தன. எழுதிக் கொடுத்தவர் லட்சுமணசாமி. பதிவேட்டின் நகலையும் இணைத்தார். எட்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. துணைமின் நிலையத்தில் இடம் இல்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை நன்றாகக் கேளுங்கள். காற்றாலை வாங்குகிறவர் அதன் முழு விலையையும் முதல் வருடமே வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையை ஆலை முதலாளிகள் கண்டுகொண்டார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் இயந்திரம் ஓடத் தொடங்கியதாகக் காகிதம் இருந்தால் போதும். பிறகு அது எத்தனை யூனிட் கொடுத்தது என்று கேட்பார் இல்லை. நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு இடம் இல்லாத அதே துணைமின் நிலையத்தில் பத்தொன்பது காற்றாலைகளுக்கு இடம் வந்தது! காற்று மாறியதா? கம்பி மாறியதா? கேட்ட ஆள் மாறினார், அவ்வளவுதான். அந்த முதலாளிகள் எந்த மேட்டில் நிலம் வாங்கினார்கள் தெரியுமா? லட்சுமணசாமி மேலிடத்துக்கு அனுப்பிய பதிவேட்டின் நகல் அவர்கள் கையில் இருந்தது. விவசாயிகளுக்காக அளந்த காற்றை, விவசாயிகளுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

1995 மார்ச் முப்பத்தொன்று. பிற்பகல் நான்கு மணி. பத்தொன்பதில் ஏழு கோபுரங்களுக்கு மின்கம்பியே இழுக்கப்படவில்லை. ஏழும் ஓடத் தொடங்கிவிட்டன என்று லட்சுமணசாமி சான்று தர வேண்டும் என்றார்கள் முதலாளிகளின் ஆட்கள். அவர் ஜீப்பை விட்டு இறங்கி ஒவ்வொரு கோபுரத்தின் அடிவரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “கம்பி இல்லாத எடத்துல கரண்டு ஓடுச்சுன்னு நான் எழுத மாட்டனுங்க” என்றார்.

அவருக்கு அடுத்த அதிகாரியிடம் கையெழுத்து வாங்கச் சொல்லி மேலிடத்திலிருந்து தொலைபேசியில் உத்தரவு வந்தது. அந்த அடுத்த அதிகாரி யார் என்று இந்த அரங்கத்தில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான்தான். ஏழு சான்றிதழ். ஏழு கையெழுத்து. அவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் ஜீப்பின் பானட்டில் வைத்துப் போட்டேன்.

ஒரு வாரத்தில் அவரைப் பெருந்துறைக் கிடங்குக்கு மாற்றினார்கள், பழைய மின்மாற்றிகளை எண்ணுவதற்கு. ஜூன் மாதம் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

பிறகு வரிச் சலுகை சுருங்கியது. இயந்திரம் விற்ற கம்பெனி கோவை அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போயிற்று; பழுது பார்க்க ஆள் இல்லை. இன்று பத்தொன்பதில் பத்து சுற்றவில்லை. மேலிடம் என்ன சொல்கிறது தெரியுமா? அந்தப் பகுதிக் காற்றில் வலு இல்லையாம்! பொய்ச் சான்று கொடுத்தவன் மேல் பழி இல்லை, கேட்டு வாங்கியவர் மேலும் இல்லை. காற்றின் மேல் பழி. அது பொய் என்று நிரூபிக்கத்தான் லட்சுமணசாமி ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஒன்பது கடிதங்களை மேலிடத்துக்கு எழுதினார். பதில் வருமுன் நெஞ்சுவலி வந்துவிட்டது.

துக்கம் கேட்கப் போனேன். அம்மையார் ரங்கநாயகி எனக்குக் காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார்: “உங்களப் பத்தி அவரு ஒரு கொறையுஞ் சொன்னதில்லீங்க. ஆனா அந்த மார்ச்சுக்கப்பறம் உங்க பேரச் சொல்றதையே உட்டுப்போட்டாருங்க.” இருபத்திரண்டு வருடம் ஒரே அலுவலகத்தில், ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

பதிவேடுகளை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். பங்காருவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதுதான் நியாயம். பங்காருவைத் தேடிக் காட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “காத்தாடி எங்க காட்டையொட்டித்தானுங்க நிக்குது. எங்க கெணத்து மோட்டாரு வோல்டேஜ் இல்லாம நிக்குதுங்க. சார் இருந்தா கேப்பாருங்க. இனி யாருங்க கேக்கறது?” என்றார்.

இப்போது இந்தச் சபைக்கு முன்னால் பதில் சொல்கிறேன். நாற்பத்திரண்டு குடும்பங்களின் விண்ணப்பம் வரும் திங்கட்கிழமை மறுபடியும் போகிறது. நம் சங்கத் தலைவர் பாலகோபால் அதை ஆதரித்துக் கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார். அதோடு, அந்த ஏழு சான்றிதழும் பொய், போட்டவன் நான், போடச் சொன்னவர் இன்னார் என்று என் வாக்குமூலத்தையும் கொடுக்கிறேன். வேலை போகும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். போகலாம். பெருந்துறையில் அவர் இதைவிடப் பெரியதை, தான் அளந்த காற்றையே, இழந்திருக்கிறார்.

பங்காரு அவர்களே, திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வருகிறேன். விண்ணப்பம் கொடுக்க என்னையும் சேர்த்துக்கொண்டு போவதா, வாக்குமூலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவதா என்பதை நீங்கள் நாற்பத்திரண்டு பேரும் முடிவு செய்யுங்கள். எதுவானாலும் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருப்பேன்.