படத்தில் உள்ளவரைக் காணவில்லை

எங்க கடைக்கு வர்ற யாருக்குமே அவங்க மூஞ்சி பிடிக்காது சார். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருவாங்க, எடுத்துக் காட்டினா "இது நானா?"ன்னு கேப்பாங்க. நீங்கதான்னு சொன்னா கோவம் வேற. கொஞ்சம் வெளுப்பா, கொஞ்சம் ஒல்லியா, மரு இல்லாம வேணும். மாடம்பாக்கத்துல இருபத்தோரு வருஷமா ஸ்டுடியோ வச்சிருக்கேன். தனசிங்னு கேட்டா கோயில் பக்கம் யார் வேணா வழி சொல்லுவாங்க. ஆனா என் வேலையைப் பார்த்து ஒருத்தர், ஒரே ஒருத்தர், முதல் தடவையே நல்லா இருக்குன்னு சொன்னது கிடையாது.

ஏஐ வந்ததுலேர்ந்து இன்னும் பேஜார். முன்னெல்லாம் ஒரு மூஞ்சிக்கு டச்சிங் பண்ண அரை நாள் ஆகும், கொடுத்ததை வாங்கினு போவாங்க. இப்போ பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துகினு, "ஒரு வார்த்தை டைப் பண்ணா போதும்ல அண்ணா, மூக்கை மாத்துங்க"ன்றாங்க. மூக்கை மாத்தினா காது மாறும். காதைத் திருப்பிக் கொண்டாந்தா சிரிப்பு போயிடும். அவங்களுக்கு இன்னா தெரியும்.

சத்யபிரியா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்கூல் டீச்சர், எங்க தெருவுக்கு அடுத்த தெரு. அவங்க அப்பா சவுரிமுத்து ரயில்வேல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபத்தோரு வயசு, மறதி நோய். முந்தின நாள் காலைல கேட் திறந்திருக்கு, மனுஷன் நடந்து போயிட்டார். சர்க்கரை வேற, தினமும் இன்சுலின் போடணும். "ஊசி இல்லாம ஒரு வாரம் தாங்க மாட்டார்ண்ணா, சீக்கிரம் போஸ்டர் அடிச்சுக் கொடுங்க"ன்னாங்க. போட்டோன்னாலே எழுந்து போயிடுவாராம். கையில இருந்தது ஒரே ஒரு கல்யாண குரூப் படம், அதுல அவர் தலை கொண்டைக்கடலை சைஸ்.

அதை வெட்டி ஏஐல போட்டேன். ஒரு நிமிஷத்துல முழு மூஞ்சி வந்துடுச்சு. பளிச்னு, ரெண்டு கண்ணும் ஒரே அளவு, தோல்ல ஒரு சுருக்கம் இல்ல. சத்தியமா சொல்றேன், நல்ல வேலை.

அவங்க ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அப்பா ஜாடை இருக்குண்ணா, ஆனா அப்பா இல்ல. இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும், அந்தக் கண்ணு கொஞ்சம் இறங்கி இருக்கும். அதை வச்சுதானே ஜனங்க கண்டுபிடிப்பாங்க?"

தழும்பு அந்த குரூப் படத்துல இருந்துச்சு சார், மெல்லிசா ஒரு கோடு. ஏஐ அதை அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிடுச்சு. இடது புருவத்துல தழும்புன்னு டைப் பண்ணேன், வலது பக்கம் போட்டுச்சு. மறுபடி பண்ணேன், கன்னம் வரைக்கும் இழுத்து ரவுடி மாதிரி ஆக்கிடுச்சு. ஏழு தடவை பண்ணேன். ஏழு தடவையும் பக்கத்துலேர்ந்து "இல்லண்ணா, இல்லண்ணா". கடைசில, "பழைய படத்தையே பெருசு பண்ணிப் போட்டுடுங்களேன், மங்கலா இருந்தாலும் அப்பாவா இருப்பார்"னாங்க.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "மங்கல் படத்தை எவன்மா நின்னு பார்ப்பான்? எனக்குத் தொழில் தெரியாதா?"ன்னேன். அழுதுட்டு, சரின்னாங்க. அந்த ஏழு படத்தையும் தள்ளிட்டு முதல்ல வந்த பளிச்சுப் படத்தையே போட்டேன். கீழ சின்னதா என் கடைப் பேரும் போட்டேன். நல்லா வந்த வேலைக்கு அப்படிப் போடறது என் வழக்கம்.

தாம்பரத்துலேர்ந்து படப்பை வரைக்கும், இந்தப் பக்கம் நாவலூர் வரைக்கும் ஒட்டினாங்க. மூணாம் நாள் நாவலூர்லேர்ந்து போன் வந்திருக்கு. சத்யபிரியா ஸ்கூலை விட்டுட்டு ஆட்டோ பிடிச்சு ஓடிப் போய்ப் பார்த்தா, வாக்கிங் வந்த யாரோ ஒரு ரிட்டயர்டு மேனேஜரை அபார்ட்மென்ட் செக்யூரிட்டி பிடிச்சு உக்கார வச்சிருக்கான். அந்த மனுஷன் என் போஸ்டர்ல இருக்கிற மாதிரியே இருந்தாராம். திரும்பி வந்து என்கிட்ட அதை மட்டும்தான் சொன்னாங்க. திட்டியிருந்தாகூடத் தேவலாம்.

வெள்ளிக்கிழமை படப்பைக்கு ஒரு ஆல்பம் கொடுக்கப் போனேன். பஸ் ஸ்டாப் பக்கம் மூடிக் கிடக்கிற டயர் கடை வாசல்ல ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். அவர் தலைக்கு மேல சுவத்துல என் போஸ்டர். ரெண்டு பேர் நின்னு அதைப் படிச்சாங்க, குனிஞ்சு அவரையும் பார்த்தாங்க, பேசிக்கினே போயிட்டாங்க.

எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. புருவம், இறங்கின கண்ணு, எல்லாம். "தாம்பரம் வண்டி எப்பப்பா வரும்?"னு என்னையே கேட்டார்.

போனை எடுத்தேன். சத்யபிரியா நம்பர் போஸ்டர்லயே பெருசா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அவரை நேருக்கு நேரா ஒரு போட்டோ எடுத்தேன், நல்ல வெளிச்சம். எழுந்து போகல, பாவம், அவர் பாட்டுக்கு உக்காந்திருந்தார். பெருசு பண்ணி போஸ்டரோட வச்சுப் பார்த்தேன். ஒண்ணுகூடச் சேரல சார். அஞ்சு நாளா அந்த ஏரியாவுல சுத்தினவரை ஒருத்தனும் கண்டுபிடிக்காததுக்குக் காரணம் என் படம்தான்னு அப்போ எனக்கே தெரிஞ்சுது. போன் பண்ணா சத்யபிரியா வருவாங்க, பத்து பேர் கூடுவாங்க. போஸ்டருக்குக் கீழயே உக்காந்திருக்கிற ஆளை எவனாவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவான். கீழ என் கடைப் பேர் இருக்கும்.

ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். நான் கெட்டவன் இல்ல. "இப்ப வந்துடும், இங்கயே உக்காருங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன். ஒரு வாரம் தாங்க மாட்டார்னு அவங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. வேற யாராவது பார்த்துப்பாங்கன்னு நினைச்சேன், ரோட்டுல எவ்ளோ ஜனம் போகுது.

ஞாயித்துக்கிழமை அதே டயர் கடைக்குப் பின்னாடி பிணமா கிடைச்சார். நான் சொன்ன இடத்தை விட்டு அவர் ரொம்ப தூரம் போகவே இல்ல.

திங்கக்கிழமை கண்ணீர் அஞ்சலி பிரின்ட்டுக்கும் என்கிட்டதான் வந்தாங்க. "இந்தத் தடவை எதையும் தொடாதீங்கண்ணா. அப்பா எப்படி இருந்தாரோ அப்படியே வேணும்"னாங்க. குரூப் படத்துலேர்ந்து எத்தனை தடவை பண்ணாலும் வராதுன்னு எனக்குத் தெரியும். அதனால என் போன்ல இருந்த படத்தைப் போட்டேன். பின்னாடி சுவத்தை எடுத்துட்டு நீல கலர் வச்சேன், அழுக்குச் சட்டைக்கு வெள்ளைச் சட்டை மாத்தினேன். மூஞ்சில கை வைக்கல.

மறுநாள் வந்து பார்த்தாங்க. புருவத்து மேல விரலை வச்சு, "அப்படியே எங்கப்பா"ன்னாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. விரல் மெதுவா கீழ இறங்கி தாடையில நின்னுச்சு. "தினமும் காலைல நான்தான் ஷேவ் பண்ணி விடுவேன். இது எத்தனை நாள் தாடிண்ணா?"

ஏஐ சமயத்துல அதுவா போடும்மான்னேன். கம்ப்யூட்டர்ல சொருகியிருந்த என் போனைப் பார்த்து, அதைக் கொடுங்கண்ணான்னாங்க. கொடுத்துட்டேன். அதுல தேதி, இடம், அவர் தலைக்கு மேல என் போஸ்டர், எல்லாம் இருந்துச்சு.

நான் பார்த்தேன், அடையாளம் தெரிஞ்சுது, தெரிஞ்சுதான் விட்டுட்டு வந்தேன். எழுதிக்கோங்க சார், கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு, "அப்படியே எங்கப்பா"ன்னு அவங்க வாயால சொன்னாங்க பாருங்க, அதையும் சேர்த்து எழுதுங்க. தாடியைப் பத்திக் கேட்டது அதுக்கு அப்புறம்தான்.