அளவெடுக்காத கவசம்

ஹலோ... ஆமாடி, நான்தான்... கேக்குது, கேக்குது. கத்தாத. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கை பூரா பசை, போனைத் தொட்டா கையோட வந்துடும்...

ஆமா, ஆமா. வேஷப்போட்டிக் கவசம்தான். வேற என்ன வேலை எனக்கு? லீவு போட்டு வீட்டுல உக்காந்திருக்கேன், பொழுது போகணும்ல... தோளுக்குப் போடுறது ரெண்டும் முடிஞ்சுது. முழங்கைக்கு வர்றதும் முடிஞ்சுது. வெள்ளி பெயின்ட் அடிச்சு பால்கனியில காயுது. மேல் வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்துட்டு, சண்டைக்கு எங்கயாச்சும் போறீங்களான்னு கேட்டாங்க... நான் என்னத்த சொல்ல? போயிட்டு வந்தாச்சுன்னேன்... சிரிக்காத. அவங்க சிரிக்கல.

மார்க்கவசமா?... அதுதான்டி இழுத்துக்கிட்டே இருந்துச்சு... இல்ல, பிஞ்சு போகல. உன்னோடதும் என்னோடதும் ஒரே பேப்பர்ல வரைஞ்சு வெட்டினதுதானே. ஆபரேஷனுக்கு முன்னாடி வெட்டினது. அப்போ எனக்கு ரெண்டு பக்கமும் இருந்துச்சு. இப்போ போட்டா இடது பக்கம் காலியா நிக்குது. தட்டினா பிஸ்கட் டப்பா மாதிரி சத்தம் வருது... உள்ளதைத்தானே சொன்னேன்.

...பஞ்சு வெச்சு அடைக்கிறதா? வேணாம்... வேணாம்னா வேணாம்... தெரியும்டி. ஞாயித்துக்கிழமை வேஷப்போட்டி, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அச்சு அசலா ஒரே மாதிரி மேடை ஏறணும். பேர் குடுத்ததே நான்தான்... என்னது? உன்னோடதையும் இடது பக்கம் தட்டையா வெட்டுறியா? லூசு மாதிரி பேசாத. கவசத்தை வெட்டிடுவ, உள்ள இருக்கிறதை எங்க கொண்டு போய் வைப்ப?... ஆங், அதான். மூச்சு முட்டி மேடையிலயே விழுந்து வைப்ப, அப்புறம் உன்னையும் நான்தான் தூக்கணும்.

இல்ல, இல்ல, நீ ஒண்ணும் பண்ண வேணாம். இடது பக்கத்தை நானே தட்டையாக்கிட்டேன்... காலையிலதான்... எப்படின்னா, அனல் காத்து ஊதுற ஹீட் கன் இருக்குல்ல, அதுலதான். சூடு காட்டினா கவசத்து ஃபோம் இளகும்ல. அப்போ அமுக்கிப் பிடிச்சா அப்படியே நின்னுடும்... எதுமேல வெச்சா?... என் மேலதான். போட்டுக்கிட்டே சூடு காட்டினேன்... ஹலோ?... கத்தாதன்னு சொன்னேன்ல.

...ஆமா. ஆமா. அளவெடுத்துச் செஞ்சிருக்கலாம். டேப்பைக் கையிலகூட எடுத்தேன். அளவெடுக்கணும்னா அங்க பாக்கணும்ல... பாக்கல... இல்ல, ஒருவாட்டிகூட இல்ல. குளிக்கும்போது மூஞ்சியை மேல தூக்கிக்கிட்டுத் தண்ணி ஊத்திக்குவேன். கட்டு பிரிக்கிற வரைக்கும் உன் மாமாதான் மாத்தி விட்டாரு, பாதி நேரம் ஃபேனைத்தான் பாப்பாரு. நானும் ஃபேனைத்தான் பாப்பேன். அதுல எவ்வளவு தூசின்னு எங்க ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும்... அதான், கவசமே அளவெடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்.

சுட்டுச்சாவா?... சுடல... பொய் இல்லடி, சத்தியமா சுடல. அந்த இடம் மரத்துப் போய்க் கிடக்கு. குண்டூசியால குத்தினாலும் தெரியாது... ஆமா, நர்ஸ் சொன்னாங்க. சுடுதண்ணிப் பை வைக்காதீங்க, வெந்தாலும் உங்களுக்குத் தெரியாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. ஹீட் கன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல... சரி, சரி. திட்டு.

...கவசத்தைக் கழட்டும்போது உள்ள போட்டிருந்த பனியன் ஈரமா ஒட்டியிருந்துச்சு. வேர்வைன்னு நெனச்சேன். அப்புறம் தடவிப் பாத்தேன். விரலுக்குத்தான் கொப்புளம் தெரிஞ்சுது. அங்க ஒண்ணும் தெரியல.

பயமா இருக்கான்னா... தெரியலடி. எதுவுமே இல்ல. யாரோ ஒருத்தருக்கு நடந்ததை என்கிட்ட வந்து சொல்ற மாதிரி இருக்கு. ஒருவாட்டி அழுதுட்டா நல்லாயிருக்கும். வர மாட்டேங்குது.

...மாமா ஆபீஸ்ல இருக்காரு. சொல்லல. நீயும் சொல்லாத... ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போறேன்... ஆமா, ஆமா, அந்தப் பக்கம் சீழ் வெச்சா கை வீங்கிடும், எல்லாம் தெரியும்... வீடியோவா?... வேணாம்... எதுக்குடி? நீ என்ன டாக்டரா?... எவ்வளவு பெருசுன்னு எனக்கு எப்படித் தெரியும், பாக்கலைன்னு சொல்றேன்ல!... கோவம் இல்ல... ம்... ம்...

நீ ஃபேனைப் பாக்க மாட்டியே?

...சரி. இரு. கையைத் துடைச்சுக்கிறேன்... பட்டன் வேற... ம். வந்துச்சா?... இன்னும் கீழயா?... இப்போ?

...

என்னடி, தெரியுதா?... ரெண்டு கொப்புளமா? என் விரல்ல ஒண்ணுதான் பட்டுச்சு... உடைஞ்சிருக்கா?... ஆமா, ஓரத்துல செவப்பாத்தான் இருக்கு... எப்படித் தெரியுமா? போன்லயே தெரியுதேடி. மூலையில சின்னக் கட்டத்துல நானும்தானே இருக்கேன்... ஆமா. இப்பதான். உன்கூடத்தான் நானும் பாக்குறேன்.

...தையல் இவ்வளவு நேராவா போட்டிருக்காங்க? நான் என்னமோ... ஒண்ணுமில்ல. பெரிய குழியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்... அழாதடி. போனை நேரா பிடி, உன் மூஞ்சியே தெரியல.

...சரி, வா. இப்பவே வா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, சண்டை போட மாட்டேன்... வண்டியை மெதுவா ஓட்டு... நீ போனை வெச்சாத்தானே கிளம்ப முடியும்? வெச்சிடு... இல்ல, நான் சும்மா உக்காந்திருக்கப் போறதில்ல. இந்தக் கட்டம் ரொம்பச் சின்னதா இருக்கு. உள்ள பீரோவுல பெரிய கண்ணாடி இருக்கு, அங்க போறேன்... ம். வெச்சிடுடி.