கொல்லர் ஜோசையா இருக்காரு

லைப்ரரிய மூடப் போறீங்களா? அஞ்சே நிமிஷம் கண்ணு, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். அந்த விளக்கை அணைச்சிடாதே. இதுக்கு ஒரு விடை தெரியாம என்னால வீட்டுக்குப் போக முடியாது. வில்ஃப் இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு.

என் வீட்டுக்காரர்தான். இந்த ஜோசையா டன்னார்ட் அவரு கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா. ஆட்டர்ஸ்பி ஊருல கொல்லுப்பட்டறை வெச்சிருந்தாரு. வெறும் பண்ணைக் கூலியா இருந்திருந்தா எவன் பேரைப் போட்டிருப்பான்? பட்டறை வெச்சிருந்ததால தொழில்காரங்க பேர் போடுற இந்த டைரக்டரி புத்தகத்துல ஏறிட்டாரு. இந்தா, ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தெட்டு. ஜோசையா டன்னார்ட், கொல்லர். ஆனா அந்த ஊர் சர்ச்சுல அவரு கல்லறை இருக்கும்மா. நானும் வில்ஃபும் முட்டி போட்டு பாசியச் சொரண்டிப் பாத்தோம். செத்தது ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொண்ணுன்னு வெட்டியிருக்கு. செத்த மனுஷன் எப்பிடி லாடம் அடிப்பான், சொல்லு?

என்னது? பழைய பக்கத்தையே திரும்ப அச்சடிச்சிருவாங்களா? வில்ஃபும் அதைத்தான் சொல்வாரு, சோம்பேறிப் பசங்கன்னு. இல்லம்மா. கீழ் வரியப் பாரு, முந்தின புத்தகத்துக்கு அப்புறம் ரொட்டிக்கடையில ஆள் மாறியிருக்கு, பேரெழுதுறவன் அந்தப் பேரையும் மாத்தியிருக்கான். அப்போ வாசல் வாசலா வந்து கேட்டிருக்கான்ல?

மகனா? அவன் அப்போ சின்னப் பய. வேற ஜோசையாவும் கிடையாது, எல்லாம் தேடியாச்சு.

பேரெழுதுறவன் பட்டறை வாசல்ல நின்னு, ஜோசையா இருக்காரான்னு கேட்டிருப்பான். யாரு வந்திருப்பா? பொண்டாட்டி மார்த்தாதான். உள்ள வேலையாள் சம்மட்டி அடிக்கிற சத்தம் கேக்குது, உலை எரியுது. இல்லைன்னு சொல்ல அவளுக்கு வாய் வரல. இருக்காருன்னுட்டா. அவனும் எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

தொழில் கெட்டுடக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்கிறியா? இருக்கலாம். எனக்கென்னமோ அப்பிடித் தோணல.

எப்பிடித் தெரியும்னா... நேத்து விதைக்கடைக்காரன் போன் பண்ணினான். வில்ஃப் இருக்காரான்னான். தோட்டத்துல பீன்ஸுக்குக் குச்சி நட்டுக்கிட்டு இருக்காரு, அப்புறமா கூப்பிடுப்பான்னு வெச்சிட்டேன். ஈஸ்டருக்கு முன்னாடியே அவரை அடக்கம் பண்ணியாச்சும்மா.

இந்தா, உன் பென்சில்.