செவ்வாய்க்கிழமை பாட்டுக்குழு

லுவெல்லா: வெள்ளிக்கிழமை ராஸ்கோ அடக்கத்துக்கு உங்க குழு ரெண்டு பாட்டுப் பாடணும், அம்ப்ரோஸ்.

அம்ப்ரோஸ்: எந்தக் குழும்மா?

லுவெல்லா: எந்தக் குழுவா... ஒம்பது வருஷமா என் பையன் செவ்வாய்க்கிழமை தவறாம போனானே, “பாட்டுப் பயிற்சிம்மா”ன்னு. ஒரே வீட்டுல குடியிருந்தவன், நீயும்தானே கூடப் போவே?

அம்ப்ரோஸ்: போவேன்... பின்வரிசையில நிப்பேன்.

லுவெல்லா: ராஸ்கோ குளிக்கையில பாடினா பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும். அவனையும் சேர்த்தாங்களே, பெரிய மனசுதான்... சிரி, சிரி. மூணு நாளா நீ சிரிக்கலை.

அம்ப்ரோஸ்: எங்களால பாட முடியாதும்மா.

லுவெல்லா: துக்கம் தொண்டையை அடைக்கும்தான், ஆனா...

அம்ப்ரோஸ்: துக்கம் இல்ல. பாடத் தெரியாது. எங்கள்ல ஒருத்தனுக்கும்.

லுவெல்லா: அப்போ ஒம்பது வருஷம் என்ன பண்ணீங்க?

அம்ப்ரோஸ்: சாப்பிட்டோம். பேசினோம்...

லுவெல்லா: அவ்வளவுதானா?

அம்ப்ரோஸ்: எய்ட்ஸ் நோய் வந்து யாராவது படுத்துட்டா, முறைபோட்டு ஆஸ்பத்திரியில உக்காந்தோம். ஒட்டிக்கும்னு பயந்து நர்ஸுங்க சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியவே வச்சிட்டுப் போயிடுவாங்க. நாங்க எடுத்துப்போய் ஊட்டினோம். பெத்தவங்க வராதவனுக்கு நாங்களே கோட்டு மாட்டி, டை கட்டி அடக்கம் பண்ணினோம். பதினாலு பேரை. அந்த முறைச்சீட்டு எழுதினது ராஸ்கோ.

லுவெல்லா: அவனா? சாக்ஸை ஜோடி சேர்க்கத் தெரியாதவன்...

அம்ப்ரோஸ்: அவன்தாம்மா. ஒருத்தனையும் தனியா சாக விடலை.

லுவெல்லா: உங்க கூட்டத்துக்குப் பேரு உண்டா?

அம்ப்ரோஸ்: உண்டு.

லுவெல்லா: சொல்லு. அடக்கத்தன்னிக்கு எல்லாருக்கும் கொடுக்கற தாள்ல அச்சடிக்கணும்.

அம்ப்ரோஸ்: பாதிரியார் அதை வாசிக்க மாட்டார்.

லுவெல்லா: நான் வாசிக்கிறேன்.

அம்ப்ரோஸ்: ஆண்களை நேசிக்கும்... கறுப்பு ஆண்கள் சங்கம்.

லுவெல்லா: நிமிர்ந்து உக்காந்து சொல்லு.

அம்ப்ரோஸ்: ஆண்களை நேசிக்கும் கறுப்பு ஆண்கள் சங்கம், ஃபிலடெல்ஃபியா. நாங்க தொடங்கினதும்மா. நானும் அவனும். நானும் அவனும்...

லுவெல்லா: இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன், அந்தத் தாள்ல எழுதினதைப் படிக்கறேன். “விட்டுச்சென்ற உறவுகள்”. முதல்ல தாயார் லுவெல்லா. அதுக்கு அடுத்த வரி காலியா இருக்கு, பார்த்தியா?

அம்ப்ரோஸ்: அது யாருக்கு?

லுவெல்லா: உங்க ரெண்டு பேரைப் பத்தி ராஸ்கோ ஈஸ்டருக்கே சொல்லிட்டான் கண்ணு. “அம்ப்ரோஸ் பள்ளிக்கூட வாத்தியார்மா, வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், அவனா சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே”ன்னு சத்தியம் வாங்கிட்டான். அதான், நீயா சொல்லட்டும்னு இல்லாத குழுவைப் பாடக் கூப்பிட்டேன். இப்போ உன் முழுப்பேரை எழுத்து எழுத்தா சொல்லு. “நண்பர்”னு நான் போடப்போறதில்லை.