இரண்டு அரளிப் பொட்டலங்கள்

குறைந்த செலவில் கல்யாணம் நடத்துவது எப்படி என்று கேட்டால் நான் நன்றாகச் சொல்லித் தருவேன். யாரும் கேட்பதில்லை, நானாக வாயைத் திறப்பதுமில்லை. டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பதால்தான் பதினொன்றாம் வகுப்போடு நின்றேன். அதன்பிறகு எனக்காகப் பேசியதெல்லாம் அக்கா பொன்மணிதான். பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதும் அவள், கடையில் சோப்பு கேட்பதும் அவள்.

"நீ நாலு வார்த்தை சேந்தாப்புல பேசுனா வெம்பக்கோட்டை அணை நெறைஞ்சிரும்டி" என்பாள். வருடங்களாக அணை நிறையாமல்தான் இருந்தது.

அக்காவுக்கு ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவளைப் பெண் கேட்டு வந்த கதிரவன் அந்தக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டினார். பெண் பார்க்க வந்த அன்று கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். எல்லோரிடமும்தான் கேட்டார். பால் ஊற்ற வந்தவரிடம்கூடக் கேட்டார். ஆனாலும் என்னிடம் கேட்கும்போது கொஞ்சம் நிறுத்திக் கேட்டார் என்பது என் கருத்து.

மண்டப வாடகையைக் கேட்டதும் அம்மாவுக்குத் தலை சுற்றியது. சீசன் என்பதால் அக்காவுக்கு லீவு கிடையாது. எனவே கல்யாண வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. நான் மறுக்கவில்லை.

அணைக்கரையில் கோட்டைச்சாமி என்பவர் கூடாரங்கள் போட்டு, விடுமுறைக்கு வருகிறவர்களைத் தங்கவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்றியதும் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. அவரிடம் பேச அம்மாவை அனுப்பினேன். என்ன பேச வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"தண்ணியில்லாத அணைக்கு எதுக்குண்ணே வாடகை? கல்யாணம்னா நாலு பேரு எடத்தைப் பாப்பாக. உங்களுக்குத்தான் விளம்பரம்" என்றாள் அம்மா.

"இம்புட்டு வெவரமா யாரு தாயி சொல்லிக்குடுத்தா?" என்று சிரித்தார் அவர். கூடாரங்களைச் சும்மாவே கொடுத்தார்.

சிவகாசி அச்சகத்தில் நிறம் விலகிப்போன பட்டாசு லேபிள் தாள்களை எடைக்குப் போடுவார்கள். அவற்றை வாங்கித் தோரணம் கட்டினேன். மூக்கு ஓர் இடத்திலும் மூக்குத்தி ஓர் இடத்திலுமாக லட்சுமிகள் வரிசையாகக் காற்றில் ஆடியது அழகாகவே இருந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்கவும் அக்காவுக்கு நேரமில்லை. நான் போய்க் கொடுத்தேன்.

"பட்டாசு ஊருக் கல்யாணத்துல ஒரு சரவெடிகூட இல்லையா?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

"காஞ்ச புல்லுல கொளுத்திட்டு எல்லாரும் ஒண்ணாப் போயிருவமா? வேலைக்குப் போனாத்தான் அந்தப் பயம்னா கல்யாணத்துலயுமா?" என்றாள் அக்கா. மணப்பெண் இவ்வளவு பேசலாமா என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நான் பேசவில்லை என்பதை அவர்கள் கவனித்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா முத்துச்செல்விக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. கோவிலும் இல்லாத, மண்டபமும் இல்லாத இடத்தில் தாலி கட்டலாமா? அதற்கும் நானே வழி சொன்னேன். காளியம்மன் கோவிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து கரையில் வைத்து, பூக் கேட்டுவிடலாம். செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் பொதிந்து சாமி முன் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது அம்மனையே சந்தேகப்பட்டதாகிவிடும். பிரிக்காமல் கிணற்றுத் தண்ணீரில் விட வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வாயில்லாத பிள்ளை, மனசும் சுத்தமாக இருக்கும் என்றார் முத்துச்செல்வி.

கல்யாணத்தன்று காலையில், பொன்மணிக்குத் தாலி கட்டலாமா என்று கேட்டார்கள். சிவப்பு வந்தது. புதிதாகக் கட்டச் சொல்லி மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. அக்கா இரண்டாவது பூவையும் கையில் வாங்கிப் பார்த்தாள்.

சோறு வடித்தாயிற்று. ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேன்களில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முத்துச்செல்வி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "சின்னவ இருக்காள்ல, அவளுக்குக் கேளுங்க" என்றார். நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். அழுதுகொண்டேதான் பொட்டலங்களைக் கட்டினேன்.

வெள்ளை வந்தது.

மாப்பிள்ளை அக்காவை ஒருமுறை பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பக்கம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். கூடாரத்துக்குள் அக்காதான் எனக்குச் சேலை கட்டிவிட்டாள். ரவிக்கை அளவெடுத்ததுபோல இருந்தது.

"சாமி சொல்லிருச்சு, நீ என்னடி செய்வ" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

இப்போது நான் வெம்பக்கோட்டையில், புகுந்த வீட்டில் இருக்கிறேன். கைக்குழந்தை இருக்கிறது. அம்மனே தேர்ந்தெடுத்த பெண் என்று, பூக் கேட்க வருகிறவர்கள் என்னையே பொட்டலம் கட்டச் சொல்கிறார்கள். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வருவாள். குழந்தையைக் குளிப்பாட்டுவாள், மீன்காரியிடம் எனக்காகச் சண்டை போடுவாள், ஞாயிறு வாடகைச் சவாரிக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரும் முன்பே பஸ் ஏறிவிடுவாள்.

அக்காவுக்கு அதற்குப் பிறகும் வரன்கள் வந்தன. தூத்துக்குடியிலிருந்து ஒன்று, கோவில்பட்டியிலிருந்து ஒன்று. ஒரு தடவை அம்மன் மறுத்த பெண் என்பதால் இரண்டு வீட்டாரும் பூக் கேட்காமல் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு முறையும் சிவப்பு.

நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஆமாம், இரண்டு பொட்டலத்திலும் ஒரே நிறத்தைத்தான் வைப்பேன். அணைக்கரையில் அக்காவுக்கு வைத்தது நான்கும் செவ்வரளி. எனக்கு வைத்தது இரண்டும் வெள்ளரளி. மற்றவர்களுக்கு நேர்மையாகத்தான் கட்டுகிறேன். அக்கா விஷயம் வேறு. தூத்துக்குடிக்குப் போய்விட்டால் மீன்காரியிடம் நான் எப்படிப் பேசுவேன்? அவள் போகிற இடத்திலும் தெரியாத ஆட்கள். இங்கேயென்றால் நான் இருக்கிறேன்.

நாளை சாத்தூரிலிருந்து வருகிறார்கள். நல்ல குடும்பம் என்கிறார்கள். இன்று காலையில் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே அக்கா சொன்னாள்: "இந்தத் தடவையாவது வெள்ளை வரட்டும்னு நல்லா வேண்டிக்கிட்டுக் கட்டுடி. இதுக்கு மேல யாரும் வர மாட்டாக."

அவள் சொன்னபடியே கண்ணை மூடி, மனதார வேண்டிக்கொண்டுதான் கட்டினேன். உள்ளே இருப்பது இரண்டும் சிவப்புதான். அம்மன் நினைத்தால் அதை வெள்ளையாக மாற்ற முடியாதா என்ன? மாற்றவில்லை என்றால் அது அம்மனின் விருப்பம், நான் என்ன செய்ய முடியும்.